எட்டுக்கால் வீட்டு அக்கா

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. நான் கலியாணம் கட்டி சுவிஸில் பாசல் நகருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கணவர் உணவகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அக்கா நின்றார். ஒரு கையில் மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டி. மறு கையில் ஒரு தடித்த மட்டை.

"தங்கச்சி, உள்ளுக்கு வாறதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும். பயப்பிடாதையும். என்ர ஆள் ஒண்டைக் காணேல்லை."

பூனையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, "என்ன நிறம் அக்கா?" என்று கேட்டேன்.

"மண்ணிறம். முதுகில கொஞ்சம் ரோசா மினுக்கம். உம்மட உள்ளங்கை அளவு வரும். எட்டுக் கால்."

அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் சாப்பாட்டு மேசைக் கதிரையின் மேல் நின்றதுதான். ஊரில் பல்லிக்கே வீட்டைவிட்டு வெளியே ஓடியவள் நான். அக்கா சிரிக்கவில்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "இந்த அலுமாரியை அரக்கிப் பாக்கலாமோ?" என்று கேட்டார். "இந்தத் திரைச்சீலையைத் தூக்கட்டோ?" என்று கேட்டார். கட்டிலுக்குக் கீழே குனிவதற்கும் அனுமதி கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கதிரையிலேயே நின்றேன்.

சிலந்தி வீட்டுக்குள் வந்திருக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம், எங்கள் சப்பாத்துத் தட்டில், கணவரின் பனிக்காலச் சப்பாத்துக்குள் இருந்தது. அக்கா பெட்டியைச் சாய்த்து வைத்து, "இஞ்சை என்ன வேலை உமக்கு? வாரும், வீட்டை போவம்" என்றார். அது ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, அவசரமேயில்லாமல், பெட்டிக்குள் ஏறியது. மட்டையால் பெட்டியை மூடிய பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இனி மற்ற ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்லோணும்."

"அதுதான் கிடைச்சிட்டுதே அக்கா. இனி ஏன் சொல்லுறியள்?"

"கிடைச்சதையும் சொல்லோணும், காணாமல் போனதையும் சொல்லோணும். என்ர வீட்டில அது இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டுதானே அவை நித்திரை கொள்ளோணும்."

போனார். ஒவ்வொரு மணியாக அடித்து, டொச் என்கிற ஜெர்மன் மொழியில், உடைத்து உடைத்து, கையாலும் சைகை காட்டி, எல்லோருக்கும் சொன்னார். கீழே முதலாம் மாடியில் ஒரு சுவிஸ் மூதாட்டி தனியாக இருந்தார். கதவைப் படாரென்று அடித்துச் சாத்தினார். அடுத்த கிழமையே வீட்டு நிர்வாகத்திடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது.

அவர் வாய்மூடி இருந்திருந்தால் ஒரு கடிதமும் வந்திருக்காது. அந்த அக்காவைப் பற்றி நான் சொல்லக்கூடியது எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். அவர் எதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். சிலந்திப் பெட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் நகத்தால் இரண்டு தரம் கண்ணாடியில் தட்டுவார். திடீரென்று வெளிச்சமோ அதிர்வோ விழுந்தால் அதுகள் வெருண்டுவிடும் என்பார். தொலைபேசியில் வணக்கம் சொல்வதற்கு முதலே "இப்ப கதைக்கலாமோ?" என்று கேட்பார். நான் முதல்முறை அவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனபோது, கோப்பையை வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னார்:

"எனக்கு அம்பத்திநாலு வயசு. கலியாணம் கட்டேல்லை. பிள்ளையள் இல்லை. அதில எனக்குக் கவலையும் இல்லை. சரி, இனி நீர் எப்பிடிக் கேக்கிறதெண்டு யோசிக்காமல் தேத்தண்ணியைக் குடியும்."

அவர் வீட்டுச் சின்ன அறையில் சுவரை ஒட்டித் தட்டுகள். தட்டுகளில் பதினொரு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தென்னந்தும்புத் தூள், ஒரு வளைந்த மரப்பட்டை, பொம்மை வீட்டுக்கு வாங்கியதுபோலச் சின்னத் தண்ணீர்க் கிண்ணம். டொச்சில் இதைப் பறவைச் சிலந்தி என்கிறார்கள். மேலெல்லாம் மயிர். கடித்தால் குளவி கொட்டியது மாதிரித்தான் இருக்கும், ஆனால் பின்பக்கத்து மயிரை உதறினால் நாள் முழுக்கச் சொறிய வேண்டி வரும் என்று அக்கா முதலிலேயே எச்சரித்தார். கிழமைக்கு ஒருதரம் உயிருள்ள சிள்வண்டு. சில ஆட்கள் மாதக்கணக்கில் எதையும் தொட மாட்டார்கள். "பசிச்சாச் சாப்பிடுவினம். நாங்கள் போய்ச் சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ எண்டு கேக்கக்கூடாது" என்பார். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு என் மாமியாரின் நினைவு வந்து சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரிக்கவில்லை.

வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒரு கழுத்துப்பட்டிக்காரர் வந்து பார்த்தார். அக்கா அகராதியை வைத்து மூன்று நாள் எழுதிய பட்டியலை நீட்டினார். எந்தப் பெட்டியில் எந்த இனம், என்ன வயது, மூடி எப்படிப் பூட்டப்படுகிறது, நெருப்புப் பிடித்தால் தீயணைப்பு வீரர் எந்தப் பெட்டியைத் தொடக்கூடாது, எல்லாம் அதில் இருந்தது. அவர் வாசித்துவிட்டு, ஏன் இதை வளர்க்கிறீர்கள் என்று கேட்டாராம். அக்காவிடம் அந்தக் கேள்விக்குப் போதிய டொச் இருக்கவில்லை. "இவர்கள் அமைதி. நானும் அமைதி" என்று சொல்லியிருக்கிறார். எல்லாப் பெட்டிக்கும் பூட்டுப் போட வேண்டும், இன்னொருதரம் தப்பினால் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மனிதர் போனார்.

ஏன் வளர்க்கிறார் என்று நானும் யோசித்திருக்கிறேன். எங்கள் ஈழத்துச் சனத்திடம் எதற்கும் ஒரு யுத்தக் காரணம் இருக்கும் என்று நம்புகிறவள் நான். பங்கருக்குள் இருந்தபோது பூச்சிகளோடு பழக்கமா, கதவை உடைத்துக்கொண்டு யாராவது வந்ததால்தான் இப்படிச் சொல்லிவிட்டுத் திறக்கிறாரா என்றெல்லாம் ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதெல்லாம் ஒண்டுமில்லை, தங்கச்சி. சண்டைக்குள்ள இருந்தனான்தான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலையில கிடைச்சது, பிடிச்சுப் போச்சு."

அவருடைய வேலை, ஆட்கள் செத்துப்போன வீடுகளைக் காலியாக்கித் துப்புரவு செய்து கொடுப்பது. உறவில்லாதவர்களின் வீடுகள்தான் கூட. ஒருநாள் ஒரு கிழவரின் வீட்டில் கட்டில், அலுமாரி, கரண்டி எல்லாம் இறக்கி முடிந்த பிறகு, குளியலறை மூலையில் துவாய் போர்த்தியபடி ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்திருக்கிறது. உள்ளே ஒரு சிலந்தி. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்ததாம். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, குப்பைக் கொள்கலனில் போடச் சொன்னார்.

"எல்லாத்தையும் கொட்டினனான், தங்கச்சி. அந்த மனிசன்ர கலியாணப் படத்தையும் நான்தான் கொட்டினனான். ஆனா அது உயிரோட நிண்டது. தண்ணி ஊத்தினன். ஒரு மணித்தியாலம் அந்தக் கிண்ணத்தில வாயை வைச்சபடி நிண்டது. பிறகு எப்பிடிக் கொட்டுறது?"

குளிர்காலச் சட்டைக்குள் சுற்றி, ட்ராமில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னாராம். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். அந்தக் கிழவரின் நினைவாக அதற்கு 'ஐயா' என்று பெயர் வைத்தார். எங்கள் சப்பாத்துக்குள் போய் இருந்ததும் ஐயாதான்.

அடுத்த வருடம் ஐயா சட்டை கழற்றினார். முதலில் மல்லாக்கக் கிடந்தது. நான் செத்துப்போச்சு என்று அழாக்குறையாக நின்றேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, "தொடாதையும். இப்ப அது வெளியில வந்துகொண்டிருக்கு" என்றார். பின்னேரம் பார்த்தால் பழைய தோல் ஒரு பக்கம், புது ஐயா ஒரு பக்கம். அந்தத் தோலை அக்கா இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, விரித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லோணும். ஐயா பொம்பிளை."

பெயரை மாற்றவில்லை. இவ்வளவு காலம் கூப்பிட்டுவிட்டு இனி மாற்றுவது மரியாதையில்லை என்றார்.

ஐயாவுக்கு மாப்பிள்ளை திரிம்பாக் என்கிற ஊரிலிருந்து வந்தார். இணையத்தில் தேடிப் பிடித்த சம்பந்தம். கொண்டுவந்தவர் ஒரு சுவிஸ் லொறி ஓட்டுநர். நெஞ்சுவரை தாடி, கையெல்லாம் பச்சை குத்து. அங்கே எங்கள் தமிழ்க் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறாராம். திருவிழாவுக்குப் போய் வடை சாப்பிட்டிருக்கிறேன் என்று சொன்னதும் அக்கா வடை சுட்டுக் கொடுத்தார். நான் ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். பெண் பார்க்கிற வீடு மாதிரித்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தாடிக்காரர் வடையைத் தொடவில்லை. காரியம் முடிந்ததும் பெண், ஆணைப் பிடித்துத் தின்றுவிடக் கூடும். அக்கா அகப்பைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். ஐயாவின் பெட்டிக்குள் விட்ட ஆண் சிலந்தி மரப்பட்டை வாசலில் நின்று முன்கால்களால் நிலத்தைத் தட்டியது. நின்றது. திரும்பத் தட்டியது. கொஞ்ச நேரம் கழித்து மரப்பட்டைக்குக் கீழே இருந்து ஐயாவும் தட்டினார்.

"பாத்தீரோ? கேட்டுப்போட்டுத்தான் வருது" என்றார் அக்கா, என் காதுக்குள்.

மாப்பிள்ளை உயிரோடு தன் பெட்டிக்குத் திரும்பினார். லொறி ஓட்டுநர் அதன்பிறகுதான் வடையைக் கையில் எடுத்தார். நான்கு வடை சாப்பிட்டார்.

சில மாதங்களில் ஐயா வெள்ளைப் பட்டாய் ஒரு பை பின்னி, அதற்குள் முட்டைகளை இட்டு, பையை இரண்டு முன்கால்களாலும் அணைத்துக்கொண்டு மரப்பட்டைக்குள் போய்விட்டார். ஒரு சிள்வண்டையும் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து, முதலாம் மாடி மூதாட்டியின் குளியலறை உடைக்கப்போவதாகக் கீழே அறிவித்தல் ஒட்டியிருந்தது. அவருக்கு முழங்கால் பிழை. தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது. தொட்டியை எடுத்துவிட்டு நின்று குளிக்கிற மாதிரி ஆக்கப்போகிறார்கள். துளையிடும் இயந்திரம் வரும். அந்த அதிர்வில் வெருண்டால் தாய் முட்டைப் பையைத் தின்றுவிடும் என்று அக்கா சொன்னார். அதை அவர் சொன்னபோது அவரது குரலை நான் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனார். கதவு சங்கிலியோடு அரைவாசி திறந்தது. அக்கா நடந்ததைச் சொல்லி, மூன்று கிழமை பிந்திச் செய்ய முடியுமா என்று கேட்டார். உங்கள் முழங்கால் எனக்குத் தெரியும், முடியாது என்றால் நான் கோபிக்க மாட்டேன் என்றும் சொன்னார். மூதாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது எவ்வளவு நாளாகச் சாப்பிடவில்லை?" என்று கேட்டார்.

"ஒரு மாதம்."

கதவு சாத்தப்பட்டது. அடுத்த நாள் அறிவித்தலில் திகதி வெட்டப்பட்டு, மூன்று கிழமை தள்ளி எழுதியிருந்தது. பழங்காலத்துப் பள்ளிக்கூட எழுத்து.

இரண்டாவது கிழமை முடிவில் ஐயா பையைத் தின்றுவிட்டார். ஒரு சத்தமும் இல்லை, ஒரு அதிர்வும் இல்லை. காரணம் யாருக்கும் தெரியாது. காலையில் பார்த்தபோது கிழிந்த பட்டுத் துண்டு ஒன்று தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. முட்டைப் பையைத் தாயிடமிருந்து நேரத்தோடு பறித்து வேறாக வைத்திருக்க வேண்டும் என்று திரிம்பாக்காரர் தொலைபேசியில் சொன்னார். "அவவிட்டைக் கேக்காமல் எப்பிடிப் பறிக்கிறது?" என்றார் அக்கா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "கீழ போய்ச் சொல்லோணும்" என்றார்.

எனக்கு மனமே வரவில்லை. அந்த மனுஷி இரண்டு கிழமை ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர். வேலை தொடங்கும்வரை ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன என்றேன். அக்கா ஏற்கெனவே படி இறங்கத் தொடங்கியிருந்தார்.

மூதாட்டி கேட்டுவிட்டு, "அப்படியானால் நாளைக்கு வேலையாட்களை வரச் சொல்லலாம்" என்றார். அக்கா ஓம் என்று தலையாட்டினார். நாங்கள் திரும்பும்போது பின்னாலிருந்து மூதாட்டி கேட்டார்: "நான் அதைப் பார்க்கலாமா?"

எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து, மூன்றாம் மாடிவரை ஏறி வந்தார். ஐயாவின் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டோம். அரை மணிநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "களைத்துப் போயிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார்.

அக்கா இப்போது இல்லை. இரண்டு வருடமாகிறது. நோய் என்று தெரிந்த அன்றைக்கே எனக்குச் சொன்னார். எத்தனை மாதம் என்றும் சொன்னார். ஒவ்வொரு பெட்டியிலும், அது யாருக்குப் போக வேண்டும் என்று முகவரி ஒட்டி வைத்திருந்தார். கடைசிப் பெட்டியையும் திரிம்பாக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனார். அவருடைய செத்த வீட்டுக்கு எங்கள் சனம் நிறைய வந்தது. கணவரின் அண்ணர் குடும்பம் வரவில்லை. சூக் நகரில் இருக்கிற அவர்கள் அக்காவோடு கடைசிவரை கதைக்கவில்லை. அதற்குக் காரணம் நான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐயா இரண்டாவது தரம் முட்டை இட்டது முதல் தடவைக்கு இரண்டு வருடம் கழித்து. இந்தமுறையும் அக்கா பறிக்கவில்லை. இந்தமுறை ஐயா தின்னவில்லை. ஒருநாள் பை கிழிந்து, மிளகளவு குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. கொஞ்ச நாளில் ஒன்றையொன்று பிடித்துத் தின்னத் தொடங்கும் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னக் கோப்பைக்கு மாற்ற வேண்டும். அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நாங்கள் மூன்று பேர் மேசையைச் சுற்றி இருந்தோம். அக்கா துளை போட்ட மூடிகளை எடுத்துத் தர, நான் ஓவியத் தூரிகையால் குஞ்சுகளைத் தள்ளிக் கோப்பைக்குள் விட்டேன். பல்லிக்கு ஓடிய நான்தான். மூதாட்டி தனது பள்ளிக்கூட எழுத்தில் கோப்பைகளுக்கு இலக்கம் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவின் தொலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். பிறகு அவர் குரல் மட்டும் கேட்டது.

"இல்லை, தம்பி. அது என்னால ஏலாது. நீர் கெதியா வாரும்."

திரும்பி வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"தங்கச்சி, கையில இருக்கிற குஞ்சை உள்ளுக்கு விட்டிட்டு மூடியைப் போடும்."

போட்டேன்.

"தூரிகையையும் கீழ வையும். நான் ஒண்டு சொல்லப்போறன். நல்ல சேதி இல்லை. உம்மட வீட்டுச் சேதி. சொல்லட்டோ?"

நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

"உம்மட அம்மா இண்டைக்கு விடியப்புறம் காலமாயிட்டா."

சுவரில் ஏதோ ஓர் இலக்கம் எழுதியிருந்தது போலவும், அதை நான் வாசிக்க வேண்டும் போலவும் இருந்தது. "நித்திரையிலயோ?" என்று கேட்டேன்.

"ஓம். நித்திரையில."

"நோகேல்லைத்தானே அக்கா?"

"அது எனக்குத் தெரியாது, தங்கச்சி. தெரியாததை நான் சொல்லேலாது."

எல்லோரும் பிறகு என்னிடம், நோகவேயில்லை, சிரித்த முகமாய்ப் போனா என்றார்கள். ஒருவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. அக்கா சொன்ன அந்த இரண்டு சொல்லை நம்பினேன். நித்திரையில் என்றார், நித்திரையில்தான்.

"பிடிக்கட்டோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் என்னைக் கட்டிப் பிடித்தார். மூதாட்டிக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போய், கேத்தலில் தண்ணீர் வைத்தார்.

தொலைபேசியில் என் கணவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. காலையிலேயே சூக்கில் இருக்கிற அண்ணருக்குச் செய்தி வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் சொல்லக்கூடாது, அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை என்று சொல்லி விமானத்தில் ஏற்றுவது, ஊரில் இறங்கிய பிறகு மற்றதைப் பார்ப்பது என்று அண்ணர் முடிவெடுத்திருந்தார். தான் வரும்வரை என் கைத்தொலைபேசியை வாங்கி வைத்திருக்கச் சொல்லித்தான் என் கணவர் அக்காவைக் கேட்டிருக்கிறார். "ஆர் அவ சொல்லுறதுக்கு? அவ என்ன எங்கட சொந்தமோ?" என்று அண்ணர் பிறகு கத்தினார். அக்காவின் காதுக்கும் அது போனது. "சொந்தமில்லைத்தான்" என்றார்.

ஒரு மணித்தியாலம் கழித்துக் கணவர் வந்தார். உணவகத்து வெள்ளைச் சட்டையோடு, அக்கா வீட்டு வாசலில் நின்றார். அவருடைய கண் என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த கோப்பைகளைப் பார்த்தது.

"இஞ்ச பாரும்... ஊரில இருந்து ஃபோன் எடுத்தவை. அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். பயப்பிட ஒண்டுமில்லை. ஆனா ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்தா..."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னனான், தம்பி. கோபமெண்டால் என்னோட கோபியும்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கோபிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அப்படியே கதவு நிலையில் சாய்ந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் இருந்துவிட்டார். என் அம்மா அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைவிடக் கூட நேரம் கதைப்பவர். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளை மாதிரி, ஓவென்று அழுதார். காலையிலிருந்து அடுப்படியில் நின்று வேலை செய்திருக்கிறார். ட்ராமில் அந்தப் பொய்யை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்திருக்கிறார். அதைச் சொல்லி முடிக்கும்வரை அழக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தாராம்.

நான் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் மூதாட்டி தேநீர் கொண்டுவந்து தந்தார்.